நிச்சயதார்த்தப் பை இன்னும் மக்கவில்லை

மயிலாப்பூர்,
கார்த்திகை 14

மகா கனம் பொருந்திய சம்பந்தி ராகவேந்திரன் அவர்களுக்கு,

சுவாமிநாதனின் நமஸ்காரம். இவ்விடம் நான், ஜலஜா, குழந்தை ஸ்நேஹா மூவரும் க்ஷேமம், என்னுடைய ரத்த அழுத்தம் நீங்கலாக. அடையாறில் தாங்களும் மாமியும் சிரஞ்சீவி ஸ்ரீநாத்தும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தற்சமயம் தங்கள் குடும்பத்தைப் பற்றி நான் நம்புவது இந்த ஒன்றைத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் நடந்த நிச்சயதார்த்தத்தில் வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை, மாப்பிள்ளை வேலை பார்க்கும் கிண்டி கம்பெனியின் தயாரிப்பு என்று தாங்களே பெருமையாகச் சொன்னீர்கள். பச்சை நிறப் பை, நடுவில் ஓர் இலைப் படம், அதன் கீழே 'நூறு சதவீதம் மக்கும்' என்று கொட்டை எழுத்தில், அதற்கும் கீழே கடுகு அளவில் ஒரு சான்றிதழ் எண். எல்லோரும் உள்ளே இருந்த தேங்காயைத் தட்டிப் பார்த்தார்கள். நான் எண்ணைப் பார்த்தேன். எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருஷம் ஆய்வாளராக இருந்தவனுக்குக் கண் அங்கேதான் போகும்.

மக்கும் என்றால் மக்கித்தானே காட்ட வேண்டும்? மறுநாளே மொட்டை மாடியில் நந்தியாவட்டைத் தொட்டியில் அந்தப் பையைப் புதைத்தேன். மாதிரி எடுத்தால் யாரும் கை வைக்காதபடி மூடி முத்திரை இட வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறிய முறை. எனவே பையை மடித்து, கெட்டியான பாலிதீன் உறைக்குள் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, அதன் பிறகே புதைத்தேன். சனிக்கிழமைதோறும் தோண்டி எடுத்து, நாள், நேரம், தொட்டியின் ஈரம் எல்லாம் குறித்து மகஜர் எழுதி, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அன்புக்கரசியிடமும் வாட்ச்மேன் லாரன்ஸிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். ஒன்பது சனிக்கிழமை, ஒன்பது மகஜர். பை புத்தம் புதிதாக இருந்தது. பத்தாவது சனிக்கிழமை அன்புக்கரசி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னா சாரு, பை மேல இன்னொரு பையப் போட்டு அரக்கு வச்சிட்டு, மக்கலை மக்கலைன்னு சொல்லிக்கினு கீற? உள்ள எறும்புகூடப் போவாதே" என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் என் நடைமுறையில் ஒருவர் குற்றம் கண்டுபிடித்தது அன்றுதான். ஜலஜா அரை மணி நேரம் சிரித்தாள். அவளுக்கு அது தேவையில்லாத வேலை.

சரி, தவறு என்னுடையது. இரண்டாவது பையை உறையும் அரக்கும் இல்லாமல் நேரடியாக மண்ணிலேயே புதைத்தேன். மூன்று மாதம் ஆகிறது. நந்தியாவட்டை பட்டுப்போய்விட்டது, பை அப்படியே இருக்கிறது. இலைப் படத்தின் பச்சைகூட மங்கவில்லை.

இதற்கு மேலும் சும்மா இருக்க நான் என்ன மண் பொம்மையா? மக்கும் பை என்று எவரும் தம் இஷ்டத்துக்கு அச்சடித்துவிட முடியாது. பரிசோதனைக்குக் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, அந்த எண்ணையும் தயாரிப்பாளர் பெயரையும் பையின் மேலேயே போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பையில் இருந்த கட்டம் கட்டமான குறியீட்டை ஸ்நேஹாவின் போனில் காட்டிப் பார்த்தேன். ஒரு குழந்தை புல்வெளியில் சிரித்தது, வேறு தகவல் கிடையாது. எண்ணைக் குறிப்பிட்டு உரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். நேற்று பதில் வந்தது. தாங்கள் குறிப்பிட்டுள்ள எண் எங்கள் பட்டியலில் இல்லை என்று இரண்டே வரி.

சம்பந்தி, கோபிக்கக் கூடாது. அந்த இரண்டு வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பையில் போட்ட எண்ணே பொய் என்றால், ஜாதகத்தில் போட்ட நட்சத்திரத்தை எப்படி நம்புவது? மாப்பிள்ளையின் உயரம் ஐந்தடி பத்து என்றீர்கள். செருப்புடனா, செருப்பு இல்லாமலா? தங்கள் வீட்டுக் காபியில் சிக்கரியே கிடையாது என்று மாமி சொன்னார்கள், அப்போதே எனக்கு நாக்கில் உறுத்தியது. "நாம பொண்ணுக்கு வரன் பாக்கறோமா, பைக்கா?" என்று ஜலஜா கேட்கிறாள். ஸ்நேஹா எனக்கு ஒரே பெண். அவள் போய் இருக்கப் போகும் வீட்டில் பொய் இருக்கிறதா என்று பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பேன்?

ஆகவே கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அச்சகத்துக்குத் திருப்பிக் கொடுக்காமல் என்னிடமே வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை எழுத்து மூலமாகத் திருப்திகரமான விளக்கம் தரும் வரை தை மாத முகூர்த்தத்தை நிறுத்தி வைப்பதே உசிதம்.

மாமிக்கு என் நமஸ்காரம். ஸ்ரீநாத்துக்கு, விளக்கத்துக்கு உட்பட்டு, என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சந்தேகத்துடன்,
சுவாமிநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. திறந்தால் ஸ்ரீநாத், கையில் டிபன் டப்பா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, பத்திரிகையில என் பேருக்குக் கீழ கம்பெனி பேரைப் போட வேண்டாம்" என்றான். "வேலையை விட்டு இருபத்திமூணு நாளாச்சு. கம்பெனியில விண்ணப்பம்தான் போட்டிருக்கா, அந்த நம்பரையே பையில அச்சடிச்சுட்டா, சான்றிதழ் வரலை. நிச்சயத்துக்கு அப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது. எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடச் சொன்னா, மாட்டேன்னுட்டேன். ஆத்துல இன்னும் சொல்லலை. அப்பா முகத்தைப் பாக்க பயந்துண்டு தினமும் ஆபீஸ் போறாப்ல கிளம்பிடறேன். ஆனா பொண்ணைப் பெத்தவர், உங்களுக்குத் தெரியாம இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது."

தொட்டியைக் காட்டினேன். "சான்றிதழ் இருந்தாலும் தொட்டியில மக்காது மாமா. பெரிய உரக்கூடத்துல, நல்ல சூட்டுல வெச்சாத்தான் மக்கும். அதையும் பெரிசா அச்சடிக்கணும்னு சொன்னேன், கேக்கலை" என்றான்.

நான் என் உத்தியோகத்தில் மூன்று முறை கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன். மூன்று முறையும் மாற்றல் வந்தது, சம்பளம் நிற்கவில்லை. இந்தப் பிள்ளை கல்யாணத்தை வைத்துக்கொண்டு வேலையையே விட்டிருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்நேஹாவைக் கூப்பிட்டுச் சொன்னால், அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். என் வீட்டுக்குள்ளேயே இருபத்திமூன்று நாளாக நடந்ததை நான் சந்தேகிக்கவே இல்லை.

தங்களிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. நான் எழுதுகிறேன் என்றேன், சம்மதித்தான். எழுதிய காகிதத்தைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை, அதனால் மேலே உள்ளதைத் தாங்கள் படிக்காதது போல் வைத்துக்கொள்ளவும். அவனைத் திட்ட வேண்டாம். திட்டியே ஆக வேண்டும் என்றால் என்னைக் கூப்பிட்டுத் திட்டவும். முகூர்த்தம் அதே தேதியில்தான். பத்திரிகையை இன்றைக்கே அச்சுக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ஒன்றும் போடாமல். அதற்குள் அவனுக்கு வேறு வேலை கிடைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.