டெபாசிட்டு அண்ணாத்தயின் சுவர்

மாமல்லபுரத்துக்கு வந்து கடற்கரைக் கோயிலைப் பார்க்காமல் திரும்பிய வெள்ளைக்காரர்கள் உண்டு. அர்ச்சுனன் தபசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் டெபாசிட்டு அண்ணாத்தயிடம் ஒரு வார்த்தை கொடுக்காமல் சைக்கிள் எடுத்துப் போன வெள்ளைக்காரர் இந்த உலகத்திலேயே கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மற்ற கடைகளில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டுதான் சைக்கிளைக் கொடுப்பார்கள். இவர் அதைத் தொடவே மாட்டார். தன் கையை உயர்த்திக் காட்டி, "யுவர் கன்ட்ரி, திஸ் இன்னா?" என்பார். வந்தவர் தன் மொழியில் கைக்கு உரிய சொல்லைச் சொல்ல வேண்டும். அதுதான் டெபாசிட். சொன்னதைக் கடையின் பக்கச் சுவரில், குப்பத்தில் படகுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட்டால் தமிழில் எழுதி வைப்பார். ஏழாம் வகுப்போடு நின்றவர். வேறு எழுத்து தெரியாது, தேவையும் படவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு இதை எழுதும் நான் ஒரு பெயின்டர். எட்டாம் வகுப்பு. அவரைவிட ஒரு வகுப்பு கூடுதல் என்ற திமிரில் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணாத்த, சைக்கிள தூக்கினு போய்ட்டான்னா, இந்த வார்த்தைய வச்சி இன்னா பண்ணுவ?"

"தன் வார்த்தைய இங்க வுட்டுட்டு எவனும் ஓட மாட்டான் நைனா."

அப்படியும் ஒரு ஹாலந்துக்காரர் சைக்கிளை மிதித்தே பாண்டிச்சேரி போய்விட்டார். மூன்று நாள் கழித்து, முகமெல்லாம் தக்காளியாகத் திரும்பி வந்தார். அண்ணாத்த அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, அபராதமாகப் பதினோரு வார்த்தை வசூலித்தார். அந்த மனிதர் எட்டாவது வார்த்தையிலேயே அழும் நிலைக்கு வந்துவிட்டார். "இன்னும் மூணு கீது" என்று இவர் விடவில்லை.

சுவர் நிறைய நிறைய, அதில் ஒரு கூத்து தெரிய ஆரம்பித்தது. கைக்கு இங்கிலீஷ்காரர் ஹேண்ட் என்றார். ஜெர்மன்காரர், ஹாலந்துக்காரர், ஸ்வீடன்காரர் மூவரும் ஹாண்ட் என்றார்கள். டென்மார்க்காரர் மட்டும் பாதியை விழுங்கிவிட்டு ஹோன் என்றார்.

"பாத்தியா? இவனுங்கல்லாம் ஒரே வூட்டுப் பசங்க. பாகம் பிரிச்சிக்கினு போயிருக்கானுங்க" என்றார் அண்ணாத்த.

இத்தாலிக்காரரும் ஸ்பெயின்காரரும் மானோ என்று சொன்னபோது, "நீ வேற குடும்பம் சார்" என்று அவர்களுக்கு எதிர்ப்பக்கத் தூணை ஒதுக்கினார். ஃபின்லாந்திலிருந்து வந்தவர் கேசி என்றதும் கதையே மாறிவிட்டது. "கேசியா? நம்ம கை!" என்று அவரைக் கட்டிப்பிடித்து, சம்பந்தி வந்ததுபோல் இரண்டு நாள் டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் மற்ற வார்த்தைகளையும் கேட்டார். ஒன்றுகூட ஒட்டவில்லை. "ஒத்த வார்த்தைய வச்சி சம்மந்தம் பேசக் கூடாதுப்பா" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஃபின்லாந்துக்குத் தனியாக ஒரு மூலை கொடுத்தார்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு பஞ்சரிலிருந்து வந்தது. கப்பலுக்கு இங்கிலீஷில் ஷிப், ஜெர்மனில் ஷிஃப். ஆட்டுக்கு இங்கிலீஷில் ஷீப், ஜெர்மனில் ஷாஃப். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் காற்று போகும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார்.

"டேய் பெயின்டரு! ஜெர்மன்காரனுக்கு கடைசி 'ப்' பஞ்சர்டா! ஃப்ஃப்னு காத்து போவுது பாரு!"

அன்று ஒரு ஜெர்மன் அம்மாள் சைக்கிள் கேட்டு வந்து நின்றிருந்தார். அண்ணாத்த அவரிடம், "மேடம், ஷீப் உங்க ஊர்ல ஷாஃப். அப்ப ஸ்லீப், ஸ்லாஃபா?" என்று கேட்டுவிட்டு, கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்கிக் காட்டினார்.

அந்த அம்மாள் வாயைப் பிளந்தார். "ஷ்லாஃப்!" என்றார். கேள்விப்படாத ஒரு வார்த்தையை, கிரீஸ் கையோடு ஒரு மனிதர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார் என்பதை நம்ப முடியாமல் டியூப் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்தார். தொட்டி சாய்ந்தது. நனைந்த பாவாடையோடு சிரித்துக்கொண்டே போனார்.

"நம்ம பாலு பெங்களூரு பக்கம் ஹாலு ஆவுதே, பல்லு ஹல்லு ஆவுதே, அந்த மாரிதான்" என்றார் இவர், உலகத்தில் மிகச் சாதாரணமான விஷயத்தைச் சொல்வதுபோல.

அவருக்கு நான் நன்றி சொல்ல இதில் என்ன இருக்கிறது? சொல்கிறேன். கேளம்பாக்கத்தில் என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். "வூட்ல நல்லா படிச்சிகினு கீறா டீச்சர்" என்றேன். பக்கத்தில் நின்ற ஃபிளாட்காரர் ஒருவர் சிரித்தார். வெளியே வந்ததும் மகள், "அப்பா, அடுத்த வாட்டி நீ பேசாத, அம்மா பேசட்டும்" என்றாள். குழந்தை வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணாத்தயிடம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவர் முன்னால் நிறுத்தினார்.

"படி."

"ஹவுஸ்."

"இது?"

"ஸ்வீடன். ஹூஸ். ஹாலந்துக்காரன் ஹெய்ஸ்."

"இதுல எவன் தப்பு?"

"யாரும் தப்பில்ல. அவங்கவங்க ஊர்ல அப்டி."

"அப்ப வூடுன்னு சொன்ன நீ மட்டும் எப்டிய்யா தப்பான ஆளு? போய் வேலைய பாரு, பேஜாரு பண்ணாத."

அடுத்த கூட்டத்துக்கு நானே போனேன், நானே பேசினேன். யார் சிரித்தார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் மகளும் என் கையைப் பிடித்துக்கொண்டே வர ஆரம்பித்தாள்.

பிறகுதான் அந்தச் சோதனை வந்தது. ஊருக்குப் பெரிய விருந்தாளிகள் வருகிறார்கள், எங்கள் தெரு முழுக்க ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. வேலையை எடுத்த மேஸ்திரி, அண்ணாத்தயின் பக்கச் சுவரை என்னிடம் ஒப்படைத்தார். மறுநாள் மாலைக்குள் முடிய வேண்டும்.

சுண்ணாம்பு வாளியோடு நான் போய் நின்றதும், அண்ணாத்த சுவருக்கு முன்னால் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி மறித்தார்.

"வர்றவன் வெளிநாட்டுக்காரன். அவன் ஊரு வார்த்தைய மறைச்சிட்டு அவனுக்கு வெள்ளையக் காட்றியா? இன்னாய்யா நியாயம்?"

"போன்ல போட்டோ புடிச்சித் தரேன் அண்ணாத்த."

"போன்ல கீறத எவன் பாப்பான்? செவுத்துல பாத்துட்டுத்தான் வர்றவன் 'இது எங்கூர்ல வேற மாரி'ன்னு இன்னொன்னு குடுப்பான். செவுரு போனா எல்லாம் நின்னுபோச்சி."

மேஸ்திரி தன் ஆட்களோடு வந்து சைக்கிள்களைத் தள்ளி வைத்தார். அண்ணாத்த ஸ்டூலைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். பதினெட்டு வருடச் சேகரிப்பு. அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனாமல் பெயின்ட் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய எழுத்தை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெள்ளை. சுரண்டாமல் அடித்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், நாலு மழை தாங்காது. கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம் இது.

"சொரண்டிட்டியா?" என்று மேஸ்திரி தெருமுனையிலிருந்து கத்தினார்.

"ஆச்சி மேஸ்திரி!" என்றேன்.

பிள்ளைகளே, நீங்கள் பொய் சொல்லக் கூடாது. நான் சொன்னேன். உப்புத்தாள் மடிப்புக் கலையாமல் என் பையிலேயே இருந்தது. இரண்டு கை வெள்ளை அடித்து, மாலைக்குள் சுவரைப் பால்போல ஆக்கிவிட்டேன்.

விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். அண்ணாத்த என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனார். உண்மையைச் சொல்லவும் எனக்குப் பயம். சொன்னால் சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொல்லிவிடுவார், மேஸ்திரி ஆளனுப்பிச் சுரண்டிவிடுவார். வாயை மூடிக்கொண்டு மழைக்காகக் காத்திருந்தேன். விவசாயிகூட அந்த வருடம் அப்படி வானத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

ஐப்பசியில் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலை, கொட்டுகிற மழையில் என் வாசலில் சைக்கிள் மணி. அண்ணாத்த தலை முதல் கால் வரை சொட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாய்யா வெள்ள அடிச்ச? அப்டியே தோலு மாரி உரிஞ்சிகினு வருது. ஜெர்மனி பாதி வந்துட்டான். ஸ்வீடன் முழுசா வந்துட்டான்!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொரண்டலியா நீ?"

"மறந்துட்டன் அண்ணாத்த."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். முகத்தில் வழிந்ததெல்லாம் மழைதானா என்று எனக்குத் தெரியவில்லை.

"த்தூ, நீயெல்லாம் ஒரு பெயின்டரு! வேல தெரியாதவன்" என்றார். சைக்கிளைத் திருப்பி, மணியை அடித்துக்கொண்டே தெருமுனை வரை போனார்.

மேஸ்திரி அப்புறம் கூப்பிட்டுத் திட்டினார், வாங்கிக்கொண்டேன்; அதற்குள் பில் காசு கைக்கு வந்துவிட்டதால் அவர் மறுபடி ஆளனுப்பவில்லை. இத்தனை வருடமாக அண்ணாத்தயும் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "வேல தெரியாத பெயின்டரு, நம்ம ஆளு" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார். நான் திருத்துவதே இல்லை.