ஐயாவுக்குப் படைத்த நாலு நாட்டுப் பலகாரம்

லாசால், மொன்றியல்
1997 மாசி

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பெரியண்ணை கணேசலிங்கம் அவர்களுக்கு,

தம்பி சண்முகலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. மெல்பேணில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பொய்யெழுதக் கை வருகுதில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் காலில் போட்ட மாவுக்கட்டை எப்போது வெட்டுகிறார்கள்? தகப்பன் சாகிற நேரம் பார்த்துக் கூரைத் தண்ணி ஓடுகிற பீலி துப்புரவாக்க ஏணியில் ஏறச் சொன்னது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கொள்ளி வைக்க மூத்த மகன் ஏன் வரவில்லை என்று இங்கே சனம் கேட்டபோதுகூட உங்களை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நீங்கள்தான் என்னை விட்டுவிட்டீர்கள். முந்தநாள் ரெலிபோனில் நீங்கள் கத்தின கத்தல் இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. "டேய் சண்முகம், ஐயாவுக்கெண்டு நான் அனுப்பின சாமானை ஆரோ ஒரு கிழவனுக்குத் தின்னக் குடுத்தனியாம். இனி மொன்றியலில எனக்கொரு தம்பி இல்லை" என்று சொல்லிவிட்டு ரெலிபோனை அடித்து வைத்தீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவதற்கு எடுத்த ரிக்கற்றையும் கான்சல் பண்ணப் போகிறீர்களாம், அண்ணி என் மனிசி பாலாம்பிகைக்குச் சொன்னாவாம். ஐயாவின் கடைசிக் காரியத்துக்கும் மூத்த மகன் வராவிட்டால் இந்தக் குடும்பம் இனி எந்த நாட்டிலும் ஒன்றாகக் கூடப்போவதில்லை. மலரக்கா உங்களுக்கு என்ன சொன்னாவோ தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன். வாசித்துவிட்டுப் பிறகு என்னைத் தலைமுழுகுங்கள்.

எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமான சாப்பாட்டைப் படைப்பது எங்கள் வழக்கம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஊரை விட்ட மனிசன் முதலில் லண்டனில் மலரக்காவோடும், பிறகு மெல்பேணில் உங்களோடும், பிறகு நியூ ஜேர்சியில் சின்னவன் ஞானேந்திரனோடும், கடைசியில் என்னோடும் இருந்து செத்துப்போனால், அவருக்கு விருப்பமானது எது என்று எவன் தீர்மானிப்பது? சோறு, கறி, மீன்குழம்பு எல்லாம் பாலாம்பிகை சமைத்தாள், அதில் ஒரு சண்டையும் இல்லை. பின்னேரத் தேத்தண்ணியோடு ஐயா எதைக் கடிக்க விரும்புவார் என்பதில்தான் குடும்பம் உடைந்தது. மலரக்கா ஒரு சூட்கேஸ் நிறைய உப்பும் வினாகிரியும் போட்ட கிறிஸ்ப்ஸ் பக்கற்றுகளோடு மிராபெல் ஏயர்போட்டில் வந்து இறங்கினா. இது ஆருக்கு என்று சுங்கக்காரன் கேட்க, தகப்பனுக்கு என்று அக்கா சொல்ல, தகப்பன் எங்கே என்று அவன் கேட்க, செத்துப்போனார் என்று அக்கா சொல்ல, அவன் சூட்கேஸைக் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொரு பக்கற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டான். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முழுசாக இருந்தது அக்கா மட்டும்தான். ஞானேந்திரன் பனிக்குள்ளால் காரோட்டி, செம்மஞ்சள் சீஸ் தூள் அப்பின சோளப்பொரி கொண்டுவந்தான். வழியில் அவனே ஒரு பக்கற்றை முடித்துவிட்டான் என்பது அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபிறகு என் வெள்ளைச் சேட்டின் முதுகில் தெரிந்தது. உங்களுடைய வெஜிமைட், அந்தக் கறுத்த உப்புப் பசை, போத்தலோடு கூரியரில் வந்தது. நான் முடக்கில் இருக்கிற டெப்பனர் கடையில் மேப்பிள் கிறீம் பிஸ்கற் வாங்கி வைத்தேன். ஐயா கடைசியாகத் தின்ற பலகாரம் அதுதான் என்பது என் கட்சி.

செத்த வீட்டில் எந்த நாட்டுப் பலகாரம் திறம் என்று சண்டை பிடித்த குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். "உருளைக்கிழங்கைச் சீவிப் பொரிக்கத் தெரிஞ்சவன் இங்கிலீஷ்காரன்தான். இஞ்ச நீங்கள் அதுக்குமேல தக்காளிச் சோஸ் தூளைக் கொட்டி வைச்சிருக்கிறியள், பார்க்கக் காயத்துக்கு மருந்து போட்ட மாதிரிக் கிடக்கு" என்றா மலரக்கா. "அமெரிக்காவில கடிக்கிற வேலையே இல்லை, அக்கா. வாயில வைச்ச உடன கரைஞ்சிடும். பல்லில்லாத மனிசனுக்கு வேற என்ன வேணும்?" என்றான் ஞானேந்திரன். நான் கனடாவுக்காக வாய் திறந்ததுதான் தாமதம், "மொன்றியலை இங்கிலீஷ் நாட்டுக் கணக்கில ஆர் சேர்த்தது? பிஸ்கற் பெட்டியில பிரெஞ்செல்லோ எழுதிக் கிடக்கு" என்று என் பிஸ்கற்றை நாடுகடத்திவிட்டான். உங்களுடைய போத்தலைத் திறந்து மணந்து பார்த்த பாலாம்பிகை, "இஞ்சேருங்கோ, இது பூசிற மருந்தோ, குடிக்கிற மருந்தோ?" என்று கேட்டாள். பாணில் மெல்லிசாகப் பூசித் தின்பது என்று நீங்கள் ரெலிபோனில் சொன்னதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அப்போதுதான் மலரக்கா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தா. "ஐயாவே என்ர வீட்டில இருந்து சொன்னவர், 'பிள்ளை, எத்தினை நாட்டில திண்டாலும் இது மாதிரி வராது' எண்டு." ஞானேந்திரனின் முகம் கறுத்துப்போனது. அவனுக்கும் ஐயா சொன்னது அதே வசனம்தான். நீங்கள் ரெலிபோனில் எனக்குச் சொல்லிக் காட்டியதும் அதே வசனம். நான் பின்னேரம் வேலையால் வந்து ஐயாவின் தட்டு வெறுமையாக இருப்பதைப் பார்த்து, எப்படி ஐயா பிஸ்கற் என்று கேட்கிறபோதெல்லாம் அவர் எனக்குச் சொன்னதும் அதேதான், ஒரு சொல் கூடக்குறைய இல்லை. லண்டனுக்குப் போனபோது ஐயா வேறு ஒரு நாட்டையும் கண்டிருக்கவில்லை என்பதை அக்காவுக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை. அண்ணை, யோசித்துப் பாருங்கள். விருந்துக்குப் போன இடத்தில் வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாதென்று சொல்கிற கதை அது. பெற்ற பிள்ளைகள் நாலு பேருடைய வீட்டிலும் அந்த மனிசன் விருந்தாளியாகத்தான் இருந்தாரா? என் வீட்டிலாவது சந்தோஷமாக இருந்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அதுவும் பொய்யா? இதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மற்றப்படி பிஸ்கற் எனக்கு ஒரு பொருட்டில்லை.

கடைசியில் நாலையும் படைப்போம் என்று பாலாம்பிகை தீர்ப்புச் சொன்னாள். குசினிக்குப் பின்னால் இருக்கிற ஐயாவின் அறையில் படம் வைத்து, ஐஸ்பெட்டியில் விறைத்துப்போய் வந்த வாழையிலையை விரித்து, சோறு கறியோடு கிறிஸ்ப்ஸ், சோளப்பொரி, பிஸ்கற், உங்கள் போத்தல் எல்லாம் வரிசையாக வைத்தோம். நான் சாம்பிராணி போட்டேன். போட்ட உடனே முகட்டில் இருக்கிற புகை மணி வீடே இடிந்து விழுகிற மாதிரிக் கத்தத் தொடங்கிவிட்டது. மேல்வீட்டுக்காரி பிரெஞ்சில் கத்திக்கொண்டு வந்து கதவில் இடிக்க, மகள் அஜந்தா பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அவவுக்குத் தாத்தா சாப்பிடப் போகிறார் என்று விளக்க, மனுசி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டது. புகை போகட்டும் என்று அறையின் பின்கதவை, அந்தக் குளிருக்குள், வெளிப்படிப் பக்கமாக ஆவென்று திறந்து வைத்தோம். பிறகு ஐயா வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி உள்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் ஹோலில் வந்து நின்றோம். அழுகிறவர்கள் அழுதார்கள், நான் புகை மணிக்குச் சேலை விசிறிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தால் உள்ளே கறுமுறு என்று ஒரு சத்தம் கேட்டது. மலரக்கா என் கையை நகம் பதியப் பிடித்து, "அது கிறிஸ்ப்ஸ்! ஐயா என்ரயைத்தான் முதல் எடுத்திருக்கிறார்!" என்று விக்கினா. "இல்லை அக்கா, வடிவாக் கேளுங்கோ, அது சோளப்பொரி" என்றான் ஞானேந்திரன். எனக்கும் ஒரு நப்பாசை, பிஸ்கற்றும் அப்படித்தான் நொறுங்கும் என்றேன். உங்களுடையது சத்தம் போடாத சாமான் என்பதால் உங்களுக்காக வாதாட ஒருவரும் இருக்கவில்லை. அது ஒன்றுதான் உங்களுக்கு நடந்த அநியாயம், அதற்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு உள்ளே ஒரு இருமல் கேட்டது. இருமலைக் கேட்டதும் ஐயாதான் என்று அக்கா கதவைத் தள்ளித் திறந்தா.

உள்ளே ஐயாவின் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில், குளிர்த் தொப்பியும் கழற்றாமல், யோசெப்பர் இருந்தார். உங்களுக்குத் தெரியாது, அடுத்த தெருவில் மகளோடு இருக்கிற குருநகர் ஆள், ஐயாவின் சிநேகிதர், ஐயாவை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மேலங்கி முழுக்கச் சீஸ் தூள். கையில் உங்களுடைய போத்தலும் ஒரு தேக்கரண்டியும். ஜாம் என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்துவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணால் தண்ணி ஓட இருந்தார். "என்ன வேலை செய்யிறியள்? செத்தவருக்குப் படைச்சதெல்லோ!" என்று நான் கத்தினேன். அவர் மெதுவாக விழுங்கிவிட்டு, "தம்பி, மாஸ்டரின்ர அறைக்குள்ள நான் இருந்து சாப்பிடுறது இண்டைக்கு நேற்றே? நாளாந்தம் இந்தப் பின்படியால வாறனான்தானே" என்றார். மலரக்கா தலையில் கையை வைத்துவிட்டா. "அப்ப ஐயாவின்ர தட்டைக் காலியாக்கினது இவர்! ஐயா ஒண்டும் சாப்பிடேல்லை!" அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த மனிசன் எழும்பி, ஐயாவின் படத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துவிட்டு, வந்த படியாலேயே இறங்கிப் போய்விட்டார்.

இதுதான் அண்ணை நடந்தது. உங்கள் சாமானை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் நாலு பேரில் ஒருவர் வாங்கிக் கொடுத்ததையும் ஐயா தின்னவில்லை, நீங்களும் நானும் அதில் ஒன்றுதான். நாங்கள் காலையில் தட்டில் வைத்து மூடிவிட்டு வேலைக்கு ஓடினோம். அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னேரம் எங்கள் மனம் நோகாமல் நல்லாயிருக்கு என்று சொன்னார். வருடக்கணக்கில் ஒரு மனிசனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமலே நாலு நாட்டில் பிள்ளைகள் என்று இருந்திருக்கிறோம். ஆகவே அந்தியேட்டிக்குக் கட்டாயம் வாருங்கள், ஆனால் வெறுங்கையோடு வாருங்கள். அன்றைக்குச் சோறு கறியைத் தவிர எந்த நாட்டுப் பக்கற்றும் இந்த வாசலைத் தாண்டாது. யோசெப்பரும் தாண்டாதபடி பின்கதவுக்குக் கொண்டி போட்டுவிட்டேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பெறாமக்களுக்கு என் ஆசி. உங்கள் எலும்பு நேராகப் பொருந்தவும், உங்கள் மனம் என்மேல் இரங்கவும் அந்த முருகன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் தம்பியாகவே இருக்கிற
சண்முகலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போனபோது பாலாம்பிகை தடுத்துவிட்டாள். "முதல் போய் அந்த மனிசனிட்ட மன்னிப்புக் கேளுங்கோ. பேந்து ஒட்டுங்கோ" என்றாள். போனேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, யோசெப்பர் தனியே இருந்தார். என்னைக் கண்டதும் கோபிக்காமல் தேத்தண்ணி ஊற்றினார். ஐயா ஏன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "ஆர் சொன்னது? மாஸ்டர் நல்லாச் சாப்பிடுவார். தட்டில ரெண்டு இருந்தால் எனக்கொண்டு, அவருக்கொண்டு. தனிய இருந்தால் தொண்டைக்குள்ளால இறங்காது எண்டுதான் என்னைக் கூப்பிடுறவர்" என்றார். லண்டனிலும் அமெரிக்காவிலும் அப்படி ஆள் கிடைக்காமல் பறவைகளுக்குப் போட்டவராம். மெல்பேணில் உங்கள் வெஜிமைட் பாணை வேலிக்கு வந்த வெள்ளைக் கொண்டைக்கிளிக்குப் போட்டவராம், அது பிறகு அந்தப் பக்கம் வரவில்லையாம். என் வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் பெருமை வந்தது. அதுவும் என்னால் இல்லை, யோசெப்பரால். எந்தச் சாமான் அவருக்கு விருப்பம் என்றும் கேட்டுப் பார்த்தேன். "எதெண்டால் என்ன, தம்பி? பக்கத்தில ஒருத்தன் இருந்து கடிக்க வேணும், அவ்வளவுதான்" என்றார். அண்ணை, எட்டாம் நாளும் நாங்கள் நாலு நாட்டுச் சாமானை வைத்துவிட்டு, அவரைத் தனிய விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் நின்றிருக்கிறோம். மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். கொண்டியைக் கழற்றிவிட்டேன். வெஜிமைட்டோடு வாருங்கள், மலரக்காவுக்கும் சின்னவனுக்கும் அவரவர் பக்கற்றோடு வரச் சொல்லிவிட்டேன். வழக்கம் என்னவாகவும் இருக்கட்டும், அந்தியேட்டியன்று படைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போவதில்லை. நாங்களும் யோசெப்பரும் அந்த அறைக்குள்ளேயே ஐயாவோடு இருந்து தின்னப்போகிறோம். உங்கள் காலை நீட்டி வைக்க இடம் விட்டிருக்கிறேன்.