நாற்பத்திரண்டாவது வளைவில் ஓடிய ரயில்

தெரியாத விஷயத்தைப் பற்றி என்னால் அரைமணி நேரம் பேச முடியும். தெரிந்த விஷயமென்றால் ஐந்து நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். இந்தக் குணத்தால் மூன்று இடத்தில் எனக்குப் பெண் தட்டிப்போனது. (“பையன் தங்கமுங்க, வாய்தான்” என்று தரகர் வந்து சொல்வார்.) நான்காவது இடம் காரவள்ளி. இதுவும் போனால் இனி அலைய முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

சேந்தமங்கலத்தில் எங்களுக்குப் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை. பெண்ணின் அப்பா கொல்லிமலைக்கு பஸ் ஓட்டுகிறவர். பெண் பார்க்கப் போவதற்கு ஒரு வாரம் முன்னால், கண்ணாடி உடைந்த தன் கல்யாணப் படத்தைத் தரகரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பின்னட்டையைக் கழற்றினேன். உள்ளே ஒரு பழைய வண்ணத் தபால் அட்டை. மலையைச் சுற்றிப் போகும் ரோடு, அதில் நாலைந்து கார்கள், கீழே பள்ளத்தில் புகை விட்டுக்கொண்டு ஒரு ரயில். பின்பக்கம் ஆங்கிலம். (நான் எட்டாவதோடு நின்றவன். அந்தப் பக்கத்தை மதிக்கவில்லை.)

எங்கள் பக்கத்தில் மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் நம்பர் சொல்லித்தான் பேசுவோம். இருபதில் பஞ்சர், ஐம்பதில் மழை என்று. படத்தில் ரோட்டோரம் துருத்திக்கொண்டு நின்ற பாறையைப் பார்த்ததும் இது நாற்பத்திரண்டுதான் என்று முடிவுகட்டினேன். அப்படியானால் கொல்லிமலையில் ரயில் ஓடியிருக்கிறது. இதை முதலில் வருங்கால மாமனாரிடம்தான் சொல்வது என்று அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை.

பெண் வீட்டில் பதினைந்து பேர். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, கோமதி வந்தாள். நான் அட்டையை எடுத்தேன். வெள்ளைக்காரன் மிளகு இறக்க ரயில் விட்டதில் ஆரம்பித்து, போகும்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதுவரை சொன்னேன்.

அவள் அப்பா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, காரெல்லாம் வலப்பக்கமாப் போகுதுங்களே?”

“அந்தக் காலத்துல அப்படித்தானுங்க போவாங்க.”

“மலை ரோட்டுலயுங்களா?”

“மலை ரோட்டுல மட்டுந்தானுங்க.”

யாரும் பஜ்ஜியை மெல்லவில்லை. கோமதி கை நீட்டி அட்டையை வாங்கித் திருப்பினாள்.

“அமெரிக்கான்னு அச்சடிச்சிருக்குதுப்பா.” அப்புறம் கையெழுத்தை மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னாள். “நல்லபடியா வந்து சேர்ந்தேன். ரோடு பயமாத்தான் இருந்துச்சு. அம்மா கால் வலி எப்படி இருக்குது? பதில் போடு. இவ்வளவுதான்.”

“அமெரிக்கா அட்டை எங்க ஊட்டுப் படத்துக்குள்ள எப்படிங்க வந்துச்சு?” என்றார் அவள் அப்பா.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். “நாந்தானுங்க வெச்சேன். அந்தப் படம் நம்ம கடையில போட்டது. ஃப்ரேமுக்குள்ள லொடலொடன்னு ஆடுச்சு. பழைய பேப்பர் கட்டுல இது கெடந்துச்சு, ஆடாம இருக்கப் பின்னால அடை குடுத்தேன்.”

நான் ஒரு வாரம் ஜோடித்த சரித்திரம் ஒரே பேச்சில் முடிந்தது. யாரோ, எங்கேயோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, அம்மாவின் காலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பதில் வந்ததா தெரியாது. அந்தக் கேள்வி கடல் தாண்டி வந்து, ஒரு தம்பதியின் படம் ஆடாமல் இத்தனை வருஷம் முட்டுக் கொடுத்திருக்கிறது. நான்தான் அதற்கு ரயில் பூட்டினேன்.

நான்காவதும் போனது என்றுதான் வீடு வந்தோம். மறுநாள் தரகர் வந்தார். “நீங்க புளுகறப்ப காது செவந்துருதாமாங்க. இவரால நம்மள ஏமாத்த முடியாதுன்னு புள்ள சரின்னுருச்சு.”

இன்றும் நான் கதை ஆரம்பித்தால் கோமதி என் காதைத்தான் பார்ப்பாள். “நாப்பத்திரெண்டு வந்துருச்சு, எறங்குங்க” என்பாள். அந்த அட்டை இப்போது எங்கள் கல்யாணப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. (படம் ஆடவில்லை. இருந்தாலும் வைத்தேன்.)

போன மாதம் மகள் கோயமுத்தூர் காலேஜில் சேர்ந்தாள். போய் இறங்கியதும் போன் செய்தாள். (அட்டையில் இருப்பது அவளுக்கு மனப்பாடம்.)

“நல்லபடியா வந்து சேர்ந்தேங்கப்பா. ரோடு பயமாத்தான் இருந்துச்சு. அம்மா கால் வலி எப்படி இருக்குது?”

கோமதிக்கு இப்போது நிஜமாகவே கால் வலி. நான் பதில் சொன்னேன்.