ராவுத்தரின் இஹ்ராமும் வாஞ்சிநாதனின் விதியும்

பிறத்தியார் யாத்திரைக்கு விரதவிதி வகுப்பவர்கள் என்று ஒரு ரகம் உண்டு, பார்த்திருப்பீர்கள். நீங்கள் காசிக்கு டிக்கெட் எடுத்தால் எந்தப் படித்துறையில் முழுகுவது என்பார்கள். வேளாங்கண்ணிக்குக் கிளம்பினால் மெழுகுவர்த்தியின் நீளம் சொல்வார்கள். இவர்கள் போய் வந்திருக்கிறார்களா? எங்கே!

லேக் கார்டன்ஸ் வாஞ்சிநாதனைப் பக்கத்திலிருக்கும் காளிகாட்டுக்கு அழைத்துப் போகவே அவர் மனைவி ஜலஜா பாதி நாள் மன்றாட வேண்டும். மனுஷர் டல்ஹௌசியில் ஒரு கம்பெனியில் செக்‌ஷன் ஆபீசர். எழுபத்தைந்து வாக்கில், அதே செக்‌ஷனில் வேலை பார்த்த மதார் ராவுத்தருக்கு, மூன்று வருஷம் மனுப் போட்டுக் காத்திருந்து, ஹஜ் கப்பலில் இடம் கிடைத்தது. ஹௌராவில் ரயிலேறி பம்பாய், அங்கிருந்து கப்பல்.

வழியனுப்ப ஒன்பதாம் பிளாட்பாரத்துக்கு வந்த வாஞ்சிநாதனுக்கு, ராவுத்தர் சாதாரண ஜிப்பாவில் நிற்பதைக் கண்டதும் பகீரென்றது.

"என்ன ராவுத்தரே, வெள்ளைத் துணி கட்டிக்கலையா? சபரிமலைக்கு மாலை எங்கே போட்டுக்கறா? ஊர்லயேதானே!"

"கப்பல் யலம்லம் எல்லைய நெருங்குறப்போ சங்கு ஊதுவாங்க சார். அப்பக் குளிச்சு, தைக்காத துணி ரெண்டு உடுத்தி, மனசுல உறுதியா நிய்யத்து வச்சு இஹ்ராம் கட்டுவோம்."

"நடுக்கடல்லயா? அங்கே எவன்யா எல்லைக்கல் நட்டான்? தூங்கிப் போயிட்டா? விதின்னா விதி ஓய்!"

கையோடு கொண்டுவந்திருந்த எட்டு முழ வேஷ்டியைப் பிரித்து, அதைப் பிளாட்பாரத்திலேயே உடுத்தச் சொல்லி, மாலை, இருமுடி, நாற்பத்தோரு நாள் என்று வரிசையாக விளக்கி, ராவுத்தரின் முழங்கையையும் பிடித்துக்கொண்டார். மணி அடித்தது. கார்டு விசில் ஊதினார். வாஞ்சிநாதன் விடவில்லை.

"ஏறுங்களேன்!" என்று ஜன்னலிலிருந்து ராவுத்தரின் மனைவி அலறினாள். ரயில் நகர்ந்தது. ராவுத்தர் கையை உதறிக்கொண்டு ஓடி, கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினார். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தார்.

"இஹ்ராம் கட்டிட்டா யார்கூடவும் வாக்குவாதம் பண்ணக் கூடாது சார். உங்ககிட்டேருந்து விடைபெறாம எப்படி சார் கட்டறது?"

வாஞ்சிநாதனுக்கு வெட்கமாகிவிட்டது. இன்னும் அரை நிமிஷம் பிடித்திருந்தால், மூன்று வருஷக் காத்திருப்பு தம் கையாலேயே பாழாகியிருக்குமே என்று உறைத்தது. எவ்வளவு நேரத்துக்கு? பக்கத்தில் மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் வந்து நிற்கும் வரைக்கும்.

"எங்கே, பூரி க்ஷேத்திரத்துக்கா? சமுத்திர ஸ்நானம் முதல்லயா, தரிசனம் முதல்லயா?"

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, சேச்சே. ஆனால், 'பம்பாய் மெயில் ஒன்பதாம் பிளாட்பாரத்திலிருந்து கிளம்புவதில்லையே' என்று சற்று முன் திருத்த வாயெடுத்தது யார்?