பதினான்கு பிரபஞ்சங்களும் ஒரு சன்னலோர சீட்டும்

பதினான்கு பிரபஞ்சங்களை ஒவ்வொன்றாக அழித்த ஒரு மனிதரோடு நான் ஒன்பது வருடமாக ஒரே ரயில் பெட்டியில் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறேன். சொந்தப் பெயரைப் பத்திரிகையில் போட்டால் கோபித்துக்கொள்வார். எங்கள் பெட்டியில் அவர் பிரபஞ்சம் அண்ணாச்சி.

ஆளைப் பார்த்தால் ஒரு சைக்கிளைக்கூட அழிக்க மாட்டார். ஒடிசலான தேகம், சட்டைப் பையில் இரண்டு பேனா. மும்பை மஸ்ஜித் பந்தரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கவுண்டர் வேலை. காலை பத்து மணியிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டே ஆணியும் தாழ்ப்பாளும் விற்க வேண்டும். கடையில் ஸ்டூல் கிடையாது. ஸ்டூல் போட்டால் ஆள் உட்கார்ந்துவிடுவான் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு.

வாஷியிலிருந்து கிளம்பும் எங்கள் லோக்கல் ரயிலில் ஒரு சட்டம் உண்டு. வாஷியில் ஏறுகிறவர்கள் உட்கார்ந்து வரலாம். குர்லா வந்ததும் எழுந்து, நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு இடம் கொடுத்துவிட வேண்டும். எழுதாத சட்டம்தான். ஆனால் மீறினால் மறுநாள் வேறு பெட்டி தேடிக்கொள்ள வேண்டியதுதான். வாஷியில் ஏறும் அண்ணாச்சிக்கு மட்டும் இதில் விலக்கு, ஏனென்றால் அவர்தான் தினமும் கதை சொல்கிறவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கையை ஆட்ட முடியாது, கையை ஆட்டாமல் அண்ணாச்சிக்கு ஒரு வாக்கியம்கூட வராது என்று எங்கள் கோஷ்டித் தலைவர் முருகேசன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆக, சன்னலோர சீட் அவர் இறங்கும் மஸ்ஜித் வரைக்கும் அவருக்கே. நான் ஏறுவது குர்லாவுக்கு முந்தின ஸ்டேஷனான திலக் நகரில். நான் நிற்பது அந்தச் சீட்டுக்கு நேர் எதிரே. சட்டப்படி அது எனக்கு வர வேண்டியது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கதை ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. செல்லத்துரை என்று ஒரு தண்ணீர் டேங்கர் டிரைவர். டிராம்பே பக்கம் சேற்றில் விழுந்து கிடந்த விண்கல்லை, ஏதோ பாறாங்கல் என்று நினைத்து டயருக்கு முட்டாக வைத்துவிட்டான். உடம்பில் சக்தி ஏறிவிட்டது. முதல் மாதம் ஒரு ஆட்டோவைத் தூக்கினான். வாயைப் பிளந்தோம். அடுத்து டபுள் டெக்கர் பஸ். அடுத்து செம்பூர் மேம்பாலம். மழைக்காலம் வந்ததும் அரபிக்கடலையே கையால் தள்ளி நிறுத்தினான். வருடம் திரும்புவதற்குள் நிலாவுக்கு ஒரு உதை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நிலாவை உதைத்தவன் திரும்ப வந்து ஆட்டோ தூக்கினால் யார் கேட்பார்கள்? ஆகவே சூரியனை ஊதி அணைத்து, தீக்குச்சி கிழித்து மறுபடி பற்றவைத்தான். அவனுக்கு ஈடாக வில்லன்களும் வளர்ந்தார்கள். ஒரு வில்லன் செத்தால் அவனுடைய அண்ணன் வருவான்.

"போனவன் சும்மா தம்பிதான் வே. இவன்தான் மூத்தவன். ஒரு தும்மல் போட்டாம்னா நாலு கேலக்ஸி காலி!" என்பார் அண்ணாச்சி.

"போன வருசம் வந்தவனையும் மூத்தவன்னுதான சொன்னீரு?" என்பார் முருகேசன்.

"அவன் அந்தப் பிரபஞ்சத்துல மூத்தவன்!"

செல்லத்துரையே ஆறு முறை செத்தான். முதல் முறை செத்தபோது முருகேசன் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறாவது முறை, "செத்துட்டானா? சரி, என்னைக்கு வாரான்?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கும் ஒரு நாள் வந்தது. ஒரு திங்கட்கிழமை, பதினான்காவது பிரபஞ்சம் தூள்தூளாகிக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணாச்சி, செல்லத்துரையால முடியாதது எதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"அவனால என்னய்யா முடியாது? எல்லாம் முடியும்."

"அப்ப நாங்க எதுக்குப் பயப்படணும்?"

பெட்டியே சிரித்தது. குர்லாவும் வந்துவிட்டது. முருகேசன் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "அண்ணாச்சி, கதையத்தான் யாரும் கேக்கலையே. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான. எந்திரிங்க."

அண்ணாச்சி எழுந்தார். நான் உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்து நியாயம் கிடைத்த தெம்பில் சன்னல் காற்று ரொம்ப சுகமாக இருந்தது. அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, மிச்சமிருந்த பிரபஞ்சங்களை மொத்தமாக அழித்துப் பார்த்தார். குர்லாவுக்குப் பிறகு ஒற்றைக் கையால் அழிக்க வேண்டியிருந்ததால் எடுபடவில்லை. புதன்கிழமை காலத்தையே அழித்தார். யாரும் போனிலிருந்து தலை தூக்கவில்லை. வியாழக்கிழமை அழிக்க ஒன்றும் பாக்கியில்லாமல் பேசாமல் வந்தார்.

வெள்ளிக்கிழமை நான் ஏறியபோது பெட்டி அமைதியாக இருந்தது. எல்லா முகமும் அண்ணாச்சி பக்கம்.

"செல்லத்துரைக்கு சக்தி பூராவும் போயிட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "முட்டுல நீர் கோத்துக்கிட்டு. நிக்காதீரும்னு டாக்டரு சொல்லுதாரு. நிக்காட்டா சோத்துக்கு எங்க போவ? ரயில்ல உக்காருத நேரந்தான் அந்தக் காலுக்கு லீவு. இப்ப குர்லா வரப்போவுது. எதுத்தாப்ல ஒருத்தன் நிக்கான். கண்ணாடி போட்டிருக்கான். கையில பேப்பரு."

நான் பேப்பரை மடித்துப் பையில் போட்டேன். கண்ணாடியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அவனுக்கு என்ன சக்தி?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு சக்தியும் கெடையாது. சட்டம் தெரியும், அவ்வளவுதான்."

நாலு கேலக்ஸியைத் தும்மலில் தீர்த்த வில்லன்மேல்கூட எங்கள் பெட்டியில் ஒருத்தருக்கும் கோபம் வந்ததில்லை. இந்தக் கண்ணாடிக்காரனை எல்லோரும் வெறுத்தார்கள். "அவன் மூஞ்சியில ஒண்ணு விடணும்!" என்று பல்லைக் கடித்த முருகேசன், அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், எனக்கே அவன்மேல் ஆத்திரமாக வந்தது.

குர்லா வந்தது. அண்ணாச்சி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றேன்.

"இல்ல வே, சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா."

"சட்டம் கெடக்கு. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். "அப்புறம்? செல்லத்துரை என்ன ஆனான்?" என்று பெட்டி பறந்தது.

"அப்புறம் என்ன? அவனுக்கு எடம் கெடச்சிட்டு. உக்காந்துட்டான். கதை முடிஞ்சுது."

ஒன்பது வருடக் கதையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். கதை நின்றால் சீட்டும் போய்விடும் என்ற பயத்தில்தான் மனிதர் தினமும் ஒரு சூரியனை அணைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

இப்போது கதையும் இல்லை, அண்ணாச்சியை யாரும் எழுப்பி நிற்க வைப்பதும் இல்லை. குர்லா தாண்டுவதற்குள் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறார். மஸ்ஜித்துக்கு முந்தின சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு வந்ததும் அவரைத் தோளில் தட்டி எழுப்புவது என் பொறுப்பு. மஸ்ஜித் இன்னும் ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கக் கூடாதா என்று தினமும் எனக்குத் தோன்றுகிறது.