தகர டப்பாவில் பெய்த மழை

ரிஷிவந்தியம்,
29.9.1987

மதிப்பிற்குரிய மச்சான் காசிநாதன் அவர்களுக்கு, பொன்னுரங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை பழனியம்மாள், மகள் கமலா, மாடுகள் எல்லோரும் சுகம். கள்ளக்குறிச்சியில் உங்கள் வீட்டார் சுகமறிய ஆவல். இந்தக் கடிதத்தின் வாயைச் சோற்றுப் பருக்கையால் இரண்டு தடவை ஒட்டப் போகிறேன். பிரித்துப் பார்த்த அடையாளம் தெரிந்தால் தபால்காரர் பெயரை விசாரித்து எழுதவும்.

விஷயம் என்னவென்றால், கமலாவின் காலேஜ் புவியியல் வாத்தியார் தீனதயாளன், உங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாராம், போன மாதம் வந்து நம் களத்து ஓரம் புனல் வைத்த ஒரு தகர டப்பாவைப் பதித்து, சுற்றிலும் முள்வேலி கட்டிவிட்டுப் போனார். மழைமானியாம். வந்தவர் மழையோடு நின்றாரா? வீட்டில் எத்தனை பேர், கிணறு எத்தனை அடி, வெளியூருக்குப் பிழைக்கப் போனவர் யார் என்று ஒரு தாள் நிறையக் கேட்டார். மழை இயற்கைப் புவியியல், நீங்கள் மானிடப் புவியியல் என்றார். மழையை அளக்க வந்தவருக்கு என் கிணறு எதற்கு? அறுபது அடியை நாற்பது என்று சொல்லி வைத்தேன்.

இதே மாதிரி இன்னொரு டப்பா வெள்ளிமலையில், கமலாவோடு படிக்கும் தங்கமணி வீட்டில் இருக்கிறது. காற்று மலையில் முட்டி மேலே ஏறுவதால் அங்கே மழை ஜாஸ்தி, நமக்குக் கம்மி என்பது பாடம். இரண்டையும் ஒப்பிட்டுப் பதிவேடு எழுத வேண்டும். தேறினால் மேற்படிப்பு, தேறாவிட்டால் தையில் கல்யாணம் என்று கமலாவிடம் பேசி வைத்திருக்கிறேன். நீங்களும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் என் சந்தேகம் வேறு. இந்த அளவெல்லாம் கலெக்டர் ஆபீசுக்குப் போகாது என்று யார் கண்டது? இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடக்கிறோம். இந்த வருஷமாவது வறட்சிப் பகுதி என்று எழுதுவார்களா என்று ஊரே பார்த்துக்கினு இருக்குது, நம் களத்து டப்பா மட்டும் நிறைந்து வழிந்தால் என்ன ஆகும்? ஆகவே தினமும் விடியற்காலையில், அவள் எட்டரைக்கு அளக்க வருமுன், உள்ளே இருப்பதைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

அதற்குள் இட ஒதுக்கீட்டு மறியல் வந்தது. ரோடெல்லாம் மரம் சாய்ந்து பஸ் நின்றது, காலேஜை மூடினார்கள். நம் வரப்புப் புளியமரமும் சாய்ந்தது. மறியல்காரர்கள் வெட்டியது என்கிறான் பங்காளி பிச்சைமுத்து. அது எப்படி அவன் கொல்லையில் விறகாகக் கிடக்கிறது? கமலா வீட்டோடு இருந்தாள். தினமும் டப்பா காலி, அவள் முகமும் சுண்டிப்போனது. உங்கள் தங்கைக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் இருந்தால்தான் மார்க் போடுவார்கள் என்று நினைத்து, நான் கவிழ்த்துவிட்டு வந்த பிறகு சில நாள் போய் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். நான் செய்தது அவளுக்குத் தெரியாது, அவள் செய்தது எனக்குத் தெரியாது.

ரோடு திறந்ததும் தங்கமணி தன் நோட்டோடு ஜீப்பில் இறங்கி வந்தாள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஏரி வாய்க்கால் புரண்டு ஓடிய அன்று நம் வீட்டில் மழையே இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில் அடித்த அன்று நாற்பது மில்லிமீட்டர்.

"ஏங்கப்பா, உங்க வூட்டுக்குன்னு தனியா மேகம் வருதுங்களா?" என்று தங்கமணி மரியாதையாகத்தான் கேட்டாள்.

கமலா போய், அன்று இன்னும் அளக்காத டப்பாவைத் திறந்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டாள்.

"மழ உப்பு கரிக்குதுப்பா," என்றாள்.

நம் கிணறு உப்பு என்பது உங்களுக்குத் தெரியும். பழனியம்மாள் செம்பை முந்தானைக்குள் மறைத்தாள். நான் அவளைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க, எல்லாம் வெளியே வந்தது.

"நீ இன்னாத்துக்கு ஊத்தன?"

"நீ இன்னாத்துக்குயா கவுத்த? பொண்ணு தோத்தா தையில கட்டிக் குடுத்துடலாம்னா?"

சத்தியமாக நான் அப்படி நினைக்கவில்லை, மச்சான். ஆனால் கமலாவும் அதையே நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஊரில் எல்லோரையும் நான் சந்தேகப்படலாம். என் மகள் என்னைச் சந்தேகப்படலாமா? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆகவே நீங்கள் உடனே வாத்தியாரைப் பார்த்து, டப்பாவை மாடு முட்டிவிட்டது என்று சொல்லி அவள் பதிவேட்டைக் காப்பாற்ற வேண்டும். முள்வேலிக்குள் மாடு எப்படிப் போனது என்று கேட்டால், பிச்சைமுத்து மாடு என்று சொல்லவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. அர்த்தநாரீஸ்வரர் அருளால் உங்கள் வீட்டிலாவது புருஷன் செய்வது பெண்சாதிக்கும், பெண்சாதி செய்வது புருஷனுக்கும் தெரிந்தே நடக்கட்டும்.

இப்படிக்கு,
பொன்னுரங்கம்

பி.கு.: தபால்காரர் பார்த்த பார்வை சரியில்லாததால் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். துவைக்க எடுத்த கமலா பிரித்துப் படித்துவிட்டாள். நீங்கள் பார்க்கும் அடையாளம் அவளுடையது, தபால்காரரை விட்டுவிடவும். மாட்டுக் கதையும் வேண்டாம். எங்கள் வீட்டு மழை காற்றைப் பொறுத்ததல்ல, அப்பா அம்மாவைப் பொறுத்தது என்று மானிடப் புவியியல் பகுதியில் அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். வாத்தியார் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, முழு மார்க் போட்டு, மழையை மட்டும் இன்னொரு மாதம் அளந்து வரச் சொன்னாராம். கிணறு அறுபது அடி என்பதையும் எழுதிவிட்டாள். தைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம்.

நேற்று வெள்ளிமலைக்குப் போனவள், என்னிடம்தான் அளக்கச் சொல்லிவிட்டுப் போனாள். இன்று விடியும்வரை நல்ல மழை. எட்டரைக்கு அளந்தேன், அறுபத்திரண்டு மில்லிமீட்டர். சொட்டு சிந்தாமல் மூடி வைத்தேன். சாயங்காலம் வந்தவள் என் கையிலிருந்து வாங்கி, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுதினாள்.