பாட்டு மழையும் லாஜிக் கண்டக்டரும்

கொல்லிமலையில் பிரேக் இல்லாத பஸ்கூட எப்படியாவது கீழே இறங்கிவிடும். லாஜிக் இல்லாத கதை எங்கள் கண்டக்டரைத் தாண்டி இறங்காது.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து அடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்குகிற எல்லோருக்கும் அவர் 'லாஜிக்'. பாதி மலையில் உட்கார்ந்துகொண்டு போனில் "சந்தைக்கு வந்துட்டேன்" என்று யாராவது புளுகினால், பக்கத்தில் வந்து நிற்பார். "ஏனுங்க, சந்தைக்குள்ள கொண்டை ஊசி வளைவு எப்பப் போட்டாங்க?"

என்னிடம் வாங்கிப் படித்த ஒரு மாயாஜால நாவலை மாதக்கணக்கில் பஸ்ஸிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். மழைத்துளி பட்டால் கல்லாகிவிடும் சாபம் பெற்ற இளவரசன் கதை. கேட்டுக்கொண்டே இறங்குமிடத்தைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு, நானும் ஒருத்தி. முடிவு மட்டும்தான் பாக்கி.

அதற்குள் அந்த நாவலே படமாக வந்து தொலைத்தது. மொத்த பஸ்ஸும் ராசிபுரம் போய்ப் பார்த்தது.

அதை எடுத்தவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை. இடைவேளைக்கு முன் இளவரசன் கொட்டுகிற மழையில் காதலியோடு ஒரு பாட்டு முழுக்கத் தொப்பலாக ஆடுகிறான். தும்மல்கூட வரவில்லை. கிளைமாக்ஸில் நாலு தூறல்; ஆள் கல்! கார்காலம் முழுக்க அவன் குகைக்குள் தவிக்கிற அத்தியாயங்களை எந்த அடுப்பில் போட்டு எரித்தார்கள்?

மறுவாரம் கண்டக்டரும் இதைத்தான் கேட்டார். மரவள்ளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த பாப்பாத்தி அக்கா சமாதானம் சொன்னார்: "அது பாட்டுங்க. பாட்டுல பெய்யற மழையெல்லாம் கணக்குல வராதுங்க."

விசில் பறந்தது. பஸ் வளைவிலேயே நின்றது.

"கணக்குல வராத மழைக்கு அந்தப் புள்ள எதுக்குங்க சீலையப் புழியுது?"

பஸ் சிரித்தது. பின் சீட்டு மிளகு வியாபாரி கத்தினார்: "அட உடுங்க! படத்துலதான் முடிவைப் பாத்தாச்சே, இனி உங்க கதை எதுக்கு? வண்டிய எடுக்கச் சொல்லுங்க!"

கண்டக்டர் முகம் சுருங்கிவிட்டது. அதன்பின் டிக்கெட், சில்லறை தவிர அவரிடம் பேச்சே இல்லை. ஒரு டூயட் ஒரு மனிதரின் வாயை அடைத்துவிட்டது!

கடைசியில் பாப்பாத்தி அக்காவுக்கே பொறுக்கவில்லை. "ஏனுங்க, படத்துல அவன் கல்லானதும் அந்தப் புள்ள அழுதுட்டு ஊட்டுக்குப் போயிட்டா. உங்க கதையில என்னங்க பண்ணுனா?"

டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"போவலீங்க. கல்லானாலும் நனைஞ்சா குளிருமேன்னு, குடை புடிச்சுட்டு அங்கயே நின்னுட்டா."

மிளகு வியாபாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நாவல் எனக்கு வரிவரியாகத் தெரியும். அதிலும் அவள் அழுதுவிட்டு வீட்டுக்குத்தான் போகிறாள். குடை என்ற பேச்சே கிடையாது.

"அப்புறம்?" என்று நானும் கேட்டேன்.